அமெரிக்க ரெசிடென்சிக்குப் பரிந்துரைக் கடிதம்: யாரிடம் கேட்பது, எப்போது, எப்படி? குமரி மாவட்ட மருத்துவ மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நீட் எழுதி எம்பிபிஎஸ் சேர்கிறோம். நீட் பிஜி எழுதி எம்டி சேர்கிறோம். இரண்டுக்கும் யாருடைய சிபாரிசும் வேண்டாம், ரேங்க் போதும். அதனால் ஆசாரிப்பள்ளத்திலோ குலசேகரத்திலோ படிப்பை முடித்துவிட்டு அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது அங்கே ஒரு துறையில் மேற்பயிற்சிக்கு, விண்ணப்பம் போட உட்காரும் பிள்ளைகளுக்கு, தங்களைப் பற்றி வேறு மூன்று நான்கு பேர் எழுதித் தர வேண்டும் என்பது புதுச் சங்கதியாக இருக்கிறது. ஸ்டெப் தேர்வுகளுக்கு (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள்) வருடக்கணக்கில் மெனக்கெடுகிறவர்கள், எல்ஓஆர் எனும் இந்தப் பரிந்துரைக் கடிதங்களுக்கு மட்டும் ஆகஸ்ட் கடைசியில் ஆள் தேடி ஓடுகிறார்கள்.

2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1 தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். முன்பு 250-க்கு மேல் வாங்கிவிட்டால் மற்றதை யாரும் கிண்டிப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம் இருந்தது. இப்போது ஸ்டெப் 2 சிகே என்ற அடுத்த தேர்வின் மதிப்பெண்ணும், அங்கே நோயாளிகளைப் பார்த்த அனுபவமும், இந்தக் கடிதங்களும்தான் ஒரு விண்ணப்பத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. கடிதம் எழுதிக் கொடுக்கும் பக்கத்தில் இருப்பவன் நான். மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். பெரும்பாலும் அவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போகிறார்கள், தங்கள் வேலையைப் பார்த்தவரை விட்டுவிடுகிறார்கள்.

முதலில், இது எந்த வகைக் கடிதம்?

நம் மாவட்டத்து வீடுகளுக்குக் கடிதம் வாங்குவது பழக்கமான காரியம்தான். பள்ளிக்கூடத்தில் நன்னடத்தைச் சான்று, சபைப் போதகரிடம் ஒரு சான்றிதழ், வேலூர் சிஎம்சியில் திருச்சபை ஸ்பான்சர்ஷிப்புக்கு மனுப்போட ஆயர் அலுவலகத்தில் ஒரு கடிதம் என்று வாங்கிப் பழகியவர்கள் நாம். அவையெல்லாம் ‘இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, இன்னார் வீட்டுப் பிள்ளை’ என்று சொல்பவை. ரெசிடென்சி நடத்தும் புரோகிராம் டைரக்டருக்கு அந்தத் தகவலால் ஒரு உபயோகமும் இல்லை.

அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. ஜூலை மாதம் முதல் தேதி இரவு டூட்டியில் இந்த ஆளை வார்டில் விட்டால் நோயாளி பத்திரமாக இருப்பாரா? தெரியாததைத் தெரியாது என்று சொல்லி மேலே கூப்பிடுவாரா? நர்சுகளோடு ஒத்துப்போவாரா? கேஸ் ஷீட் ஒழுங்காக எழுதுவாரா? இவற்றுக்குக் கண்ணால் கண்ட சாட்சி சொல்பவர்தான் கடிதம் எழுதத் தகுதியானவர்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பால்வெட்டும் தொழிலாளி ஒருவரைப் பாம்பு கடித்துக் கொண்டுவருகிறார்கள். டூட்டியில் இருந்த ஹவுஸ் சர்ஜன் (எம்பிபிஎஸ் இறுதியில் ஒரு வருடப் பயிற்சியில் இருப்பவர்), காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்து உறைந்திருக்கிறதா என்று தானே சாய்த்துப் பார்க்கிறார். விஷமுறிவு மருந்து போட்டும் ரத்தம் உறையவில்லை. ‘சார், இது ஹம்ப்-நோஸ்டு பிட் வைப்பரா இருக்குமோ? நம்ம பாலிவேலன்ட் மருந்து அதுக்குக் கேக்காதே’ என்று யூனிட் சீஃபிடம் கேட்கிறார். மலையோரத்தில் வேலை பார்க்கிற மருத்துவருக்கு வர வேண்டிய சந்தேகம் அது. இந்தச் சம்பவத்தை நாலு வரியில் எழுதும் உதவிப் பேராசிரியரின் கடிதம், ‘ஒழுக்கமானவர், பணிவானவர், கடின உழைப்பாளி’ என்று டீன் கையெழுத்திட்ட கடிதத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ‘சின்சியர்’, ‘ஒபீடியன்ட்’, ‘நல்ல குணமுள்ளவர்’ என்பதெல்லாம் நம் ஊர்ச் சான்றிதழில் பாராட்டு. அங்கே வாசிப்பவருக்கோ, சொல்ல வேறொன்றும் இல்லாததால் எழுதியது போலத் தெரியும்.

எத்தனை கடிதம், எந்தக் கலவையில்?

விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஈராஸ் என்ற தளம் வழியாகப் போகின்றன. அதை நடத்துவது ஏஏஎம்சி எனும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம். மகப்பேறு மருத்துவப் பிரிவு 2024-ல் ரெசிடென்சிகாஸ் என்ற வேறு தளத்துக்கு மாறிவிட்டது. ஈராஸில் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் கடிதம் வாங்கிச் சேர்க்கலாம். ஆனால் ஒரு புரோகிராமுக்கு அதிகபட்சம் 4 கடிதங்கள்தான் ஒதுக்க முடியும். டீன் லெட்டர் என்று சொல்லப்படும், கல்லூரி தரும் எம்எஸ்பிஇ மதிப்பீட்டு அறிக்கை இந்த நான்கில் சேராது. ‘டீன் லெட்டர் இருக்கே’ என்று அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மூன்றோடு நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்டர்னல் மெடிசினுக்கு (பொது மருத்துவம்) போடுகிறவர்களுக்கு நான் சொல்லும் கலவை இது: அமெரிக்காவில் உங்களோடு வேலை பார்த்த மருத்துவர்களிடமிருந்து இரண்டு, முடிந்தால் மூன்று. நம் ஊரிலிருந்து ஒன்று. அந்த ஒன்றும் மெடிசின் துறையிலிருந்தே இருக்கட்டும். சர்ஜரிப் பேராசிரியர் உங்களை எவ்வளவு புகழ்ந்தாலும், மெடிசின் புரோகிராம்காரர் ‘அப்புறம் ஏன் இவர் இங்கே வருகிறார்?’ என்றுதான் யோசிப்பார். ஃபேமிலி மெடிசினுக்குப் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. குழந்தைகள் நலம், மகப்பேறு, சமூக மருத்துவம் எல்லாமே அவர்கள் வேலைக்குள் வருவதால் அந்தத் துறைக் கடிதங்களும் அங்கே செல்லும். எமர்ஜென்சி மெடிசினுக்கு ஸ்லோ என்று தனி மதிப்பீட்டுப் படிவம் உண்டு. அதை நிரப்ப அங்கேயுள்ள எமர்ஜென்சி துறையில்தான் ரொட்டேஷன் (சில வாரப் போஸ்டிங்) செய்திருக்க வேண்டும், நம் ஊர்க் கடிதம் அதற்கு ஈடாகாது.

அமெரிக்கக் கடிதம் ஒன்றுகூட இல்லாமல் நான்கும் குமரி மாவட்டத்திலிருந்தே போனால் கதவு அடைபடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மேட்டில் வண்டி தள்ளுகிற கதைதான்.

பட்டியல் போடுவது

ஒரு தாளை எடுத்து, ஹவுஸ் சர்ஜன்சி தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் யார் யார் கீழே வேலை பார்த்தீர்கள் என்று போஸ்டிங் வாரியாக எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் அவர் பதவியை எழுத வேண்டாம், அது பிறகு. அவர் உங்களைப் பார்த்த ஒரு கேஸை எழுதுங்கள். தக்கலைக்காரர் அந்த டிகேஏ (சர்க்கரை நோயின் அவசரச் சிக்கல்) நோயாளியா, குளச்சலிலிருந்து வந்த மீனவரின் பக்கவாதமா, எதுவானாலும் சரி. பெயர் இருந்து கேஸ் நினைவுக்கு வராவிட்டால், அவருக்கும் உங்களைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது. அந்தப் பெயரை அடித்துவிடலாம். பாதிப் பட்டியல் இதிலேயே போய்விடும்.

மிச்சம் இருக்கும் பெயர்களில் இனி தரம் பிரிக்கலாம்.

யூனிட் சீஃபோ உதவிப் பேராசிரியரோ, தினமும் ரவுண்ட்ஸில் உங்களோடு நின்றவர்தான் முதல் தேர்வு. மெடிசின் போஸ்டிங் 6 வாரம். 6 வாரத்தில் ஒருவரைப் பற்றி எழுதப் போதுமானதைப் பார்த்துவிட முடியும். துறைத் தலைவரே உங்கள் யூனிட்டின் சீஃபாகவும் இருந்தால் நல்ல வாய்ப்பு, விட்டுவிடாதீர்கள். துறைத் தலைவர் வேறு யூனிட், உங்களை வைவாவில் ஒரு தடவை பார்த்ததோடு சரி என்றால் வேண்டாம்.

சமூக மருத்துவ போஸ்டிங் 12 வாரம் இருக்கிறது, அதை யாரும் மதிப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக ஓபி பார்த்தது, கடற்கரைக் கிராமத்தில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது, இவையெல்லாம் ஃபேமிலி மெடிசின்காரர்கள் விரும்பி வாசிக்கும் விஷயங்கள். அங்கே உங்களை மேற்பார்வை செய்த மருத்துவ அலுவலர் நல்ல ஆங்கிலத்தில் எழுதக்கூடியவர் என்றால் தாராளமாகக் கேளுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற நோயாளிகளோடு இரண்டு மொழியிலும் பேசிச் சமாளித்தீர்கள் என்றால் அதையும் அவர் எழுதலாம். மொழி தெரியாத நோயாளியோடு தினமும் மல்லுக்கட்டுகிற அமெரிக்க மருத்துவமனைகளில் அது சாதாரணத் தகுதி இல்லை.

ஹவுஸ் சர்ஜன்சி முடித்துவிட்டு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராக இருந்தவர்கள் நிறைய. அங்கேயுள்ள ஃபிசிஷியனிடம் வாங்கலாமா? வாங்கலாம். ஒரு வருடம் கூடவே வேலை பார்த்தவர் என்பது அதன் பலம். கற்பிக்கும் நிறுவனம் இல்லை என்பது பலவீனம். படிப்பு முடிந்து இடைவெளி விழுந்திருந்தால், அந்த இடைவெளியில் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி.

ஆராய்ச்சி வழிகாட்டி, உங்களோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர் என்றால் நான்காவது இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிஜி சீனியர்கள் உங்களை எல்லாரையும் விட நன்றாகப் பார்த்திருப்பார்கள், ஆனாலும் அவர்களும் பயிற்சியில் இருப்பவர்கள் என்பதால் அவர்கள் கையெழுத்துக்கு அங்கே எடை கிடையாது. அவர்கள் சொல்வதைச் சீஃப் காது கொடுத்துக் கேட்பார், அது போதும்.

சொந்தக்காரர் விஷயம்

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் டாக்டர் இல்லாத குடும்ப வட்டம் அபூர்வம். பெரியப்பா மகன் டெக்சாஸில் கார்டியாலஜிஸ்ட், சபையில் மூப்பராக இருக்கும் மாமா ஊரில் பெயர்பெற்ற சர்ஜன், அப்பாவோடு படித்தவர் ஓய்வுபெற்ற டீன். ‘அவங்ககிட்டச் சொன்னா ஒரு நிமிஷத்துல எழுதித் தருவாங்க’ என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் எழுதுவதால்தான் அது உதவாது.

சொந்தக்காரர் எழுதினால், கடைசிப் பெயர் வேறாக இருந்தால்கூட, ‘சின்ன வயதிலிருந்தே இவரை எனக்குத் தெரியும்’ என்ற ஒரு வரியில் குட்டு உடைந்துவிடும். அந்த ஒரு வரி மற்ற மூன்று கடிதங்கள் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவரும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனை வேறு விதத்தில் பயன்படுத்துங்கள். அவருடைய மருத்துவமனையில், அவர் யூனிட்டில் இல்லாமல், வேறொருவர் கீழே அப்சர்வர்ஷிப் (கூட இருந்து பார்க்கும் வாய்ப்பு) கிடைக்குமா என்று கேளுங்கள். நீங்கள் அங்கே நின்று வேலை பார்த்து, அந்த வேறொருவர் உங்களைப் பார்த்து எழுதினால் அது உண்மையான கடிதம்.

அமைச்சர், எம்பி, கலெக்டர், பிஷப் யாரானாலும் வேண்டாம். மரியாதைக்குரியவர்கள்தான், உங்கள் வார்டு ரவுண்ட்ஸுக்கு வந்ததில்லை.

எப்போது கேட்பது

போஸ்டிங் முடிகிற கடைசி வாரத்தில். இதற்கு வேறு பதில் கிடையாது.

அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இடமாறுதல் உண்டு. இந்த வருடம் ஆசாரிப்பள்ளத்தில் இருப்பவர் அடுத்த வருடம் திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ இருக்கலாம். சிலர் ஓய்வு பெறுவார்கள், சிலர் கடல் கடந்து போவார்கள். இரண்டு வருடம் கழித்து வாட்ஸ்அப்பில் ‘சார், நான் 2021 பேட்ச், நினைவிருக்கா?’ என்று கேட்டால், பாவம், அவர் நினைவிருப்பதாகத்தான் சொல்வார். கடிதத்தில் என்ன எழுதுவது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

விண்ணப்பம் போட இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே என்றால் என்ன செய்வது? அப்போதும் கடைசி வாரத்தில் போய்ச் சொல்லி வைத்துவிடுங்கள். அவருடைய சொந்த மின்னஞ்சல் முகவரியை வாங்குங்கள், கல்லூரி முகவரி மாறுதலோடு போய்விடும். அவர் பார்த்த கேஸ்களை ஒரு பக்கத்தில் குறித்து அன்றே அனுப்பிவையுங்கள். நோயாளியின் பெயரும் ஐபி எண்ணும் அதில் வேண்டாம். பின்னால் அவர் எழுத உட்காரும்போது அந்தப் பக்கம்தான் அவர் நினைவு.

காலண்டரைப் பார்த்தால் இப்படி: ஈராஸ் சீசன் ஜூனில் திறக்கும். அமெரிக்காவுக்கு வெளியே படித்தவர்கள், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளைச் சரிபார்க்கும் ஈசிஎஃப்எம்ஜி அமைப்பு வழியாக டோக்கன் (நுழைவு எண்) வாங்கித்தான் உள்ளே போக முடியும். செப்டம்பர் தொடக்கத்தில் விண்ணப்பம் அனுப்பலாம், கடைசி வாரத்தில் புரோகிராம்கள் திறந்து பார்க்கத் தொடங்கும். ஆகவே கடிதங்கள் ஆகஸ்ட் பதினைந்துக்குள் ஏறியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதுபவரிடம் அதற்கும் முந்தைய தேதியைச் சொல்லுங்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் ஓணம் வந்துவிடும். நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, பேராசிரியர்களில் பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள்.

கேட்கும் விதம்

நேரில் போங்கள். ஓபி நேரத்தில் போகாதீர்கள். தியேட்டரிலிருந்து வெளியே வரும்போது வழிமறித்துக் கேட்கவும் வேண்டாம். மத்தியானம் துறை அறையில் இருக்கும்போது, ‘சார், பத்து நிமிஷம் வேணும், எப்ப வரட்டும்?’ என்று கேட்டு நேரம் வாங்குங்கள்.

கேட்கும் கேள்வி ‘லெட்டர் தருவீங்களா சார்?’ என்று இருக்கக் கூடாது. அதற்கு யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், நம் ஊரில் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. கேட்க வேண்டியது இது: ‘சார், நான் அமெரிக்காவுல மெடிசின் ரெசிடென்சிக்குப் போடப் போறேன். உங்க யூனிட்ல ஆறு வாரம் இருந்தேன். என் வேலையப் பத்தி விவரமா, உறுதியா எழுத முடியும்னு உங்களுக்குத் தோணுதா? தோணலைன்னாலும் பரவாயில்ல சார், சொல்லுங்க, நான் வேற ஆளக் கேட்டுக்கிடுதேன்.’

மறுக்க வழி விட்டுக் கேட்பதுதான் இதில் முக்கியம். உறுதியாக எழுத முடிகிறவர் உடனே ‘அந்தப் பாம்புக்கடி கேஸ்ல நீதானே இருந்த?’ என்று பேச ஆரம்பிப்பார். மற்றவர் ‘பாக்கலாம் மக்களே… எச்ஓடிகிட்டயும் ஒண்ணு கேட்டு வச்சுக்கோ’ என்பார். அந்தப் ‘பாக்கலாம்’ ஒரு மறுப்பு. அதைப் புரிந்துகொண்டு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள், இரண்டாவது தடவை போய் வற்புறுத்தி வாங்கும் கடிதம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வெதுவெதுப்பான கடிதம் கடிதமே இல்லாததைவிட மோசம்.

கையில் கொடுக்க வேண்டியவை

ஒரு ஃபைல் போதும். உங்கள் சிவி, பெர்சனல் ஸ்டேட்மென்ட் (உங்களைப் பற்றி நீங்களே எழுதும் கட்டுரை) வரைவு, நான் மேலே சொன்ன ஒரு பக்கக் கேஸ் குறிப்பு, ஈராஸ் தரும் கடிதக் கோரிக்கைப் படிவம். எந்தத் துறைக்குப் போடுகிறீர்கள், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் மேலே எழுதுங்கள்.

அதோடு, அமெரிக்கக் கடிதம் எப்படி இருக்கும் என்பதையும் மரியாதையாகச் சொல்ல வேண்டியிருக்கும். பேராசிரியருக்கே நாம் சொல்லிக் கொடுப்பதா என்று கூச்சப்பட வேண்டாம். பல மூத்தவர்களுக்கு இந்த முறை பழக்கமில்லை, சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வார்கள். எழுதுபவர் தன்னை ஒரு வரியில் அறிமுகப்படுத்த வேண்டும். உங்களை எந்த வார்டில், எத்தனை வாரம், என்ன பொறுப்பில் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு சம்பவங்கள் வேண்டும். இத்தனை வருடத்தில் தான் பார்த்த ஹவுஸ் சர்ஜன்களோடு ஒப்பிட்டு நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று தன் மனதில் பட்டதை எழுத வேண்டும். கடைசியில், தன் துறையில் ரெசிடென்டாக எடுத்துக்கொள்வேனா என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. சிஆர்ஆர்ஐ என்றால் அங்கே யாருக்கும் தெரியாது என்பதால், ஒரு வருடக் கட்டாயச் சுழற்சிப் பயிற்சி என்று விளக்கி எழுதச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தால் எத்தனை பேரில் முதலிடம் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை இல்லாத பதக்கம் அங்கே வெறும் பெயர்தான்.

‘நீயே எழுதிக்கொண்டு வா’

இதுதான் எல்லாருக்கும் நடக்கிறது, யாரும் வெளியே பேசுவதில்லை. ‘எனக்கு எங்க மக்களே நேரம், நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்து போட்டுத் தாறேன்.’ சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தினமும் முந்நூறு பேர் ஓபி பார்க்கிற மனுஷர் அவர்.

எழுதிக்கொண்டு போகாதீர்கள். இதற்கு நேர்மை ஒரு காரணம், அதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று நடைமுறைக் காரணம். தன்னைப் பற்றித் தானே எழுதும்போது எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள், அதே நாலு உரிச்சொல், அதே வாக்கிய அமைப்பு. இரண்டு பேராசிரியர்களின் கடிதத்தில் ஒரே நடை தெரிந்தால் வாசிப்பவருக்கு உடனே பிடிபடும். இப்போது செயலி வைத்து எழுதி வாங்குகிறார்கள், அது இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

அவருடைய நேரத்தை மிச்சப்படுத்த வேறு வழி உண்டு. கேஸ் குறிப்புப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘சார், நீங்க சொல்லுங்க, உங்க ஃபோன்லயே ரெக்கார்ட் பண்ணிருங்க, பிஜி யாராவது டைப் பண்ணித் தந்துருவாங்க, நீங்க திருத்திட்டாப் போதும்’ என்று சொல்லிப் பாருங்கள். தட்டச்சு செய்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. பேசச் சொன்னால் எழுதுவதைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஆசிரியர்கள் நம்மிடம் ஏராளம். வார்டில் அவர்கள் பேசுவதைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். அதற்கும் மசியவில்லை என்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள்.

போர்ட்டல் வேலை

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஈராஸில் தனியாக ஒரு பதிவு போட்டு, எழுதுபவரின் பெயர், பதவி, மின்னஞ்சல் கொடுக்க வேண்டும். ஒரு கோரிக்கைப் படிவம் உருவாகும், அதில் கடிதத்துக்கென்று ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து எழுதுபவர் ஏஏஎம்சியின் கடிதத் தளத்துக்குள் போய்ப் பிடிஎஃப் கோப்பாக ஏற்ற வேண்டும். அவர் சார்பில் அவர் நியமிக்கும் உதவியாளர் ஏற்றலாம், நீங்கள் ஏற்றக் கூடாது. கடிதம் ஆங்கிலத்தில், லெட்டர்ஹெட்டில், தேதியும் கையெழுத்தும் பதவியும் தொடர்பு விவரமும் இருக்கட்டும்.

பதிவு போடும்போது, கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்கும். விட்டுக்கொடுங்கள். ‘படிச்சுப் பாக்காம எப்பிடி அனுப்புறது?’ என்று அப்பா கேட்பார். விட்டுக்கொடுக்காத கடிதத்தை, மாணவர் படிப்பார் என்று தெரிந்தே எழுதிய கடிதம் என்று அங்கே தள்ளுபடி செய்து வாசிப்பார்கள். ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டு துறைகளுக்குப் போடுகிறீர்கள் என்றால் ஒரே ஆளிடமிருந்து இரண்டு தனிக் கடிதங்கள், இரண்டு தனிப் பதிவுகள். கடிதத்தின் துறையைப் பதிவிலேயே குறித்துவையுங்கள். ‘இவர் மெடிசினுக்கு மிகப் பொருத்தமானவர்’ என்று எழுதிய கடிதம் ஃபேமிலி மெடிசின் புரோகிராமுக்குப் போய்ச் சேர்வது ஒவ்வொரு வருடமும் நடக்கும் விபத்து.

அமெரிக்காவில் நான்கு வாரம்

மாணவராக இருக்கும்போதே போனால் எலெக்டிவ், நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கலாம். முடித்தபிறகு போனால் பெரும்பாலும் அப்சர்வர்ஷிப், பார்க்க மட்டும்தான். அதனால் எலெக்டிவில் கிடைக்கும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் அதற்கு முன்கூட்டியே, மூன்றாம் வருடத்திலேயே, யோசிக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ரொட்டேஷன் ஏற்பாடு செய்யும் ஏஜென்சிகள் பல. அங்கே சேருமுன், ரெசிடென்சி நடத்தும் மருத்துவமனையா, வெறும் கிளினிக்கா, கடிதம் மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘கடிதம் உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்யும் இடத்தைப் பார்த்தால் நான் ஒரு அடி பின்னால் நிற்பேன்.

போன இடத்தில் நம் பிள்ளைகள் மரியாதை என்று நினைத்துப் பின்னால் சும்மா நிற்கிறார்கள். அங்கே அது ஆர்வமின்மை. முதல் நாளே அட்டெண்டிங்கிடம் (பொறுப்பில் இருக்கும் மூத்த மருத்துவர்), உங்கள் குறிக்கோளையும், கடைசியில் கடிதம் கேட்கும் எண்ணம் இருப்பதையும் சொல்லிவிடலாம், அவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது வாரக் கடைசியில் ‘நான் எதைத் திருத்த வேண்டும்?’ என்று கேளுங்கள். அவர் சொன்னதை மூன்றாவது வாரத்தில் செய்து காட்டுங்கள். கருத்து சொன்னால் ஏற்றுக்கொண்டு மாறுகிறவர் என்று எழுத அவருக்கே ஒரு சம்பவம் கிடைத்துவிடும். பரிசோதிக்க முடியாத அப்சர்வர்ஷிப்பில்கூட, ஒரு நோயாளியின் பிரச்சினையைப் படித்து வந்து அடுத்த நாள் ஐந்து நிமிடம் பேச யாரும் தடை சொல்வதில்லை.

அனுப்பியபின்

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சின்ன நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம். நாகர்கோவிலில் மாலை ஆறரை என்றால் கோடைகாலத்தில் நியூயார்க்கில் காலை ஒன்பது. அந்த நேரத்தில் அனுப்பினால் அங்கேயுள்ளவர் மேசையில் உட்கார்ந்ததும் பார்ப்பார். நான்காவது கடிதம் வரவில்லை என்பதற்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள். மூன்றோடு அனுப்பிவிட்டு, நான்காவது ஏறியதும் ஒதுக்கலாம், ஈராஸ் அதற்கு இடம் தருகிறது. கடிதம் வாங்குமுன் பரிசுப் பொருள் கொடுக்காதீர்கள். இன்டர்வியூ வந்தால் எழுதியவர்களுக்கு ஒரு வரி சொல்லுங்கள், பலர் அதைக்கூடச் செய்வதில்லை.

மார்ச் மூன்றாவது வாரம் மேட்ச் வாரம், அதாவது யாருக்கு எந்த புரோகிராம் என்று முடிவு வரும் வாரம். இடம் கிடைத்ததா இல்லையா என்று திங்கள்கிழமை தெரியும். கிடைக்காதவர்கள் அதே வாரத்தில் சோப் என்ற ஏற்பாட்டில் நிரம்பாத இடங்களுக்கு, அதிகபட்சம் 45 புரோகிராம்களுக்கு, விண்ணப்பிக்கலாம். அந்த இடங்கள் நீங்கள் போட்ட துறையிலேயே இருக்கும் என்ற நிச்சயம் இல்லை, அப்போது யாரிடமும் புதிதாகக் கடிதம் கேட்டு வாங்க நேரமும் இராது. ஆகவே டிசம்பரிலேயே, உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம் துறைப் பெயர் குறிப்பிடாத பொதுக் கடிதம் ஒன்றை வாங்கி ஏற்றிவையுங்கள். சமூக மருத்துவ போஸ்டிங்கில் உங்களைப் பார்த்தவர் இருக்கிறாரே, அவர் இதற்கு மிகப் பொருத்தம்.